நுகத்தடியில் பூட்டிய கண்கள்

மன்னார்குடியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பொருட்காட்சியில் என் பேரன் தலையில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். இனிமேல் தஞ்சாவூருக்கே போக வேண்டாம் தாத்தா என்கிறான். டி.வி., செல்போன் மாதிரி இந்த வி.ஆர். பெட்டியும் வீட்டுக்கு வீடு வந்துவிடுமா?"

வராது. இப்போதைய வடிவத்தில் நிச்சயம் வராது. விலைதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். 2024-இல் ஆப்பிள் இறக்கிய விஷன் புரோவின் விலை 3,499 டாலர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 3 லட்சம் ரூபாய். கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 கிலோ மூட்டையாக 300 மூட்டை நெல் போட்டாக வேண்டும். ஆனால் விலை இறங்கிவிடும். நமக்கு வந்த அழைப்பை எடுப்பதற்கே காசு கொடுத்த செல்போன் காலத்தை நாம் பார்க்கவில்லையா? எடையும் ஒரு நாள் குறையும். இன்று மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 பெட்டி அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கத்திரி வெயிலில் அதை முகத்தில் கட்டிக்கொண்டு அரை மணி உட்கார்ந்தால் நெற்றி வியர்வை வில்லையில் வழியும். இதையெல்லாம் பொறியாளர்கள் மெல்ல மெல்லச் சரிசெய்துவிடுவார்கள். அவர்களிடம் மசியாமல் நிற்பது நம் கண்.

கட்டைவிரலை முகத்துக்கு நேரே கை எட்டும் தூரம் நீட்டிப் பிடியுங்கள். அதையே பார்த்தபடி மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவாருங்கள். இரண்டு வேலைகள் நடக்கின்றன. விழிகள் இரண்டும் மூக்குப் பக்கமாகத் திரும்புகின்றன. கூடவே ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் இருக்கும் வில்லை சற்று உப்பி, கிட்டத்தில் வந்த விரலைத் தெளிவாக்குகிறது. திரும்புவது ஒரு வேலை, குவிப்பது இன்னொரு வேலை. தசைகளும் வேறு வேறு. ஆனால் மூளை இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. சந்தேகமிருந்தால், ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மற்றதால் ஒரு பென்சில் முனையைக் கிட்டத்தில் உற்றுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரை உள்ளங்கையின் இடுக்கு வழியே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மறைந்திருக்கும் கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும். அதற்கு அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஜோடி போகிற பக்கம் அதுவும் போகிறது.

ஒரே நுகத்தடியில் பூட்டிய உழவு மாடுகள்தான் இவை. திரும்பும் மாடு, குவியும் மாடு. டெல்டாவில் இப்போது டிராக்டர்தான் உழுகிறது என்றாலும் ஏர் பூட்டிப் பழகிய வாசகர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பழகிய ஜோடி, வரப்பு வந்தால் சேர்ந்து திரும்பும், ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். இயற்கையில் இந்த இரண்டு மாட்டுக்கும் ஒரே கட்டளைதான்: பொருள் எவ்வளவு தூரம்? ஒரு முழத்தில் என்றால் இரண்டும் ஒரு முழத்துக்கு வரும். மதகுக்கு அப்பால் என்றால் இரண்டும் அங்கே போகும்.

வி.ஆர். பெட்டிக்குள் திரை கண்ணிலிருந்து சில சென்டிமீட்டரில் இருக்கிறது. குவிவில்லை வைத்து, அது ஒன்றரை இரண்டு மீட்டருக்கு அப்பால் இருப்பதுபோலக் கண்ணை நம்பவைக்கிறார்கள். அந்தத் தூரம் மாறவே மாறாது. ஆகக் குவியும் மாட்டை இரண்டு மீட்டரில் முளையடித்துக் கட்டியாயிற்று. இப்போது இரு கண்ணுக்கும் வேறுவேறு படத்தைக் காட்டி, திரும்பும் மாட்டைக் கிட்ட வா, எட்டப் போ என்று ஓட்டுகிறார்கள். நுகத்தடி முறுகுகிறது. உழவனாகிய மூளை அதட்டுகிறான். மாடு கிட்டே வந்தால் எழுத்து மங்குகிறது, முளைக்குத் திரும்பினால் எழுத்து இரண்டாகத் தெரிகிறது. அரை மணி நேரத்தில் கழுத்துக் காய்ப்பு: நெற்றிப் பொட்டில் வலி, விழியில் எரிச்சல்.

இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் விழிவில்லை இறுகி, உப்பும் சக்தியை இழக்கிறது. வெள்ளெழுத்து என்கிறோம். குவியும் மாடு கிழடாகி வயலிலேயே படுத்துவிட்டது. படுத்த மாட்டை முளையில் கட்டினால் என்ன, கட்டாவிட்டால் என்ன? அதனால் இந்த ஒரு தொல்லையை மட்டும் வைத்துப் பார்த்தால், பெட்டி பேரனைவிடத் தாத்தாவுக்குத்தான் தோது. (நாற்காலியில் உட்கார்ந்திருக்கையில் கண் மட்டும் ரோலர் கோஸ்டரில் ஓடுவதால் வரும் குமட்டல் வேறு கதை. அது உள்காதின் புகார். அதில் தாத்தாவுக்குச் சலுகை கிடையாது.)

இது என் கற்பனைக் கணக்கல்ல. 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பார்வை ஆய்வாளர் மார்ட்டின் பேங்க்ஸின் குழு, குவியும் தூரத்தையும் மாற்றிக் காட்டக்கூடிய ஒரு திரையைச் செய்து, இரண்டு தூரமும் பொருந்தும்போதும் பொருந்தாதபோதும் ஆட்களைச் சோதித்தது. பொருந்தாதபோது இரு படங்களை ஒன்றாக்க அதிக நேரம் பிடித்தது, கண்ணும் அதிகம் களைத்தது.

சரி, பேரன் ஏன் அசந்துபோனான்? பெரிய கோயில் பெரியதாக இருப்பதால்தான். பிரகாரத்தில் அறுபது மீட்டர் தள்ளி நின்று விமானத்தைப் பாருங்கள். நம் கண்களுக்கிடையே ஆறு சென்டிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. அந்தத் தூரத்தில் இரு பார்வைக் கோடுகளும் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. நாலைந்து மீட்டர் முன்பின் இருப்பதைக்கூட இரு கண்ணால் பிரித்தறிவது கடினம். நிழலையும் அளவையும் நாம் நடக்கும்போது காட்சி நகர்வதையும் வைத்துத்தான் ஆழத்தை உணர்கிறோம். பெட்டி இவை மூன்றையும் நன்றாகவே காட்டும். மாடுகளுக்குள்ளும் சண்டையில்லை. இரண்டு மீட்டருக்கும் தொடுவானத்துக்கும் இடையே, கண்ணாடிக் கடைப் பாஷையில் சொன்னால், அரை பவர்தான் வித்தியாசம்.

அப்படியே விமானத்தின் அடிக்கு வாருங்கள். அடித்தளமான அதிட்டானத்தைச் சுற்றி ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகள். திருச்சுற்று மதிலிலோ, கோயில் ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை ஊர், பெயர், வீடு என்று வரிசையாகப் பதிந்திருக்கிறான். கல்லில் தேய்ந்த எழுத்தைப் படிக்க ஓர் அடி தூரத்துக்குக் குனிகிறோம். இரண்டு மீட்டருக்கும் ஓர் அடிக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று பவர். பெட்டி கைவிடுவது இங்கேதான். நாம் நாள் முழுக்கப் புழங்குவதும் இந்தத் தூரத்தில்தான். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கை ஒட்டுவதும், நெல்லை உள்ளங்கையில் கசக்கிப் பதர் பார்ப்பதும், செல்போனில் செய்தி படிப்பதும் கைக்கெட்டும் தூரத்து வேலைகள். எட்டத்தைக் காட்டிக் கிட்டத்தைக் கெடுக்கும் கருவி திருவிழாவுக்கு ஆகும். அன்றாடத்துக்கு எப்படி ஆகும்?

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு ஒரு பத்தி. இரு கண்ணுக்கு இரு படம் என்ற உத்தியை 1838-இல் ஆங்கில அறிவியலாளர் வீட்ஸ்டோன் விளக்கினார். 1851-இல் லண்டன் பெரும் கண்காட்சிக்குப் பிறகு ஐரோப்பிய வரவேற்பறைகளில் இரட்டைப்படக் கருவி இல்லாவிட்டால் கௌரவக் குறைவு என்றாயிற்று. தஞ்சாவூருக்கும் அது சீக்கிரமே வந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-இல் திருச்சி, தஞ்சாவூர் வட்டாரத்தை இரட்டைப் படங்களாக எடுத்துத் தொகுப்பாகவே வெளியிட்டார். அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு வேலை. பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளப் பட்டையாக்கினார். ஆழமில்லை, மாயமில்லை, தட்டைக் காகிதம். ஆனால் மூக்கருகே வைத்து எழுத்துக்கூட்டலாம். அடுத்த ஆண்டே சென்னை மாகாண ஆளுநர் டிரெவெல்யன் இது வீண் ஆடம்பரம் என்று செலவை வெட்டிவிட்டார். பிறகு வியூமாஸ்டர் என்ற இரட்டைப்படக் கருவி 1939-இல், தலையில் மாட்டும் கணினித் திரை 1968-இல் கணினி அறிஞர் சதர்லேண்ட் கையால், நின்டெண்டோவின் விர்ச்சுவல் பாய் 1995-இல், கூகுளின் அட்டைப்பெட்டி 2014-இல். ஒவ்வொரு முறையும் இதோ வந்துவிட்டது என்றார்கள்.

இந்தத் தடவை சத்தம் அதிகம். பேஸ்புக் 2021-இல் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. அதன் வி.ஆர். பிரிவு 2024-இல் மட்டும் 1,770 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. நம்மூரில் 2023 ஐ.பி.எல். சமயத்தில் 1,299 ரூபாய்க்கு ஜியோ டைவ் வந்தது. செல்போனைச் செருகி, மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோலப் பார்க்கலாம் என்றார்கள். உங்கள் தெருவில் யாராவது மாட்டிப் பார்த்திருக்கிறார்களா? 1,299 ரூபாய்க்கும் ஆள் தேடவேண்டியிருந்தால் விலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

நோய் தெரியாமலும் இல்லை அவர்களுக்கு. 2018-இல், பேஸ்புக்காக இருந்தபோதே, மெட்டா 'ஹாஃப் டோம்' என்ற மாதிரியைக் காட்டியது. கண் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடித்து, குட்டி மோட்டாரால் திரையை முன்பின் நகர்த்தும் ஏற்பாடு. குவியும் மாட்டின் முளையைப் பிடுங்கிக் கூடவே நடத்திச் செல்லும் வேலை. யோசனை பிரமாதம். ஆனால் பார்வை எங்கே நிற்கிறது என்பதைத் துல்லியமாகவும், கண் உணருமுன்னும் கணிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் முன்னைவிட மோசம். கடையில் விற்கும் குவெஸ்ட் பெட்டிகளில் இன்னும் அது ஏறவில்லை. இதற்கிடையே அதே நிறுவனம் 2025 மே மாதம் ரே-பான் பெயரில் இந்தியாவில் விற்கத் தொடங்கிய கண்ணாடியில் கேமராவும் ஒலிபெருக்கியும் உண்டு. திரை கிடையாது.

பெட்டி நிலைக்கும் இடங்கள் உண்டு, எட்டத்தைப் பார்க்கும் தொழில்கள். விமானிகளின் பயிற்சிக் கூண்டில் வெளிக்காட்சியை ஒளியியல் உத்தியால் தொலைவுக்குத் தள்ளிக் காட்டும் வழக்கம் வி.ஆர். கூச்சலுக்கு வெகுகாலம் முந்தியது. கிரேன் ஓட்டவும் பஸ் ஓட்டவும் பழகுகிறவர்களுக்கு அதே தர்க்கத்தில் இது கைகொடுக்கும். அறுவைசிகிச்சைப் பயிற்சி என்று பெரிதாகப் பேசுகிறார்கள். அது கைக்கெட்டும் தூரத்து வேலையாயிற்றே என்று எனக்கு இழுக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் மெய்நிகர் காட்சியோடு தொடுவுணர்வையும் சேர்க்க ஆராய்கிறார்கள். கை சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போனால் நிலைமை மாறலாம்.

அதையும் மீறி வாங்குவதென்றால், பேரனுக்குப் பத்து வயது ஆகவில்லை என்றால் மெட்டாவே வேண்டாம் என்கிறது. 2023 வரை அந்த வரம்பு 13 ஆக இருந்தது. கடைக்காரர் டைனோசரையும் விண்வெளியையும் காட்டுவார். அவை எல்லாமே எட்டத்துப் பொருள்கள். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு பக்க எழுத்தை மிதக்கவிடச் சொல்லி, கால் மணி நேரம் படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.