ஒரு பிடி மண்ணும் கைப்பேசியும்



நோயாளியைப் பாராமலே மருந்து எழுதித் தரும் மருத்துவரை நாம் நம்புவோமா? இதே ஐயந்தான் தஞ்சைப் பக்கத்தில் நெல் பயிரிடும் என் சிற்றப்பாவுக்கும் எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மண்வள அட்டை வந்தது. அதன் விவரங்களைக் கைப்பேசியில் காட்டி, "மணிச்சத்தைக் குறைக்கச் சொல்கிறதே" என்றேன். "தம்பி, என் வயலில் யாரும் மண் எடுக்கவில்லையே! இது யார் வயலின் கதை?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

பின்னர்தான் விளங்கிற்று. மண்வள அட்டைத் திட்டம் 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்று இராஜஸ்தானத்துச் சூரத்கரில் தொடங்கப்பெற்றது. நாடெங்கும் வயல்தோறும் மண் எடுப்பது எளிதன்று. ஆகவே, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என மாதிரி எடுக்க வகுத்தனர். 2.5 ஹெக்டேர் ஏறத்தாழ ஆறு ஏக்கர். அதற்குள் பலருடைய நிலங்கள் அடங்கிவிடும். ஒருவர் ஆண்டுதோறும் தொழு உரம் இட்டிருப்பார். அடுத்தவர் யூரியாவையே நம்பியிருப்பார். மாதிரியோ இருவருக்கும் ஒன்றே!

அட்டையில் 12 அளவுகள் உண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம்; துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்னும் நுண்சத்துகள்; கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம் என்பன அவை. கணினி இவற்றைப் பயிரின் தேவையோடு ஒப்பிட்டு, இடவேண்டிய உரத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் அது வந்துசேர்ந்த மண்ணைப் பற்றி மட்டுமே பேசும்.

எனவே நாங்களே மண் எடுத்தோம். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை விலக்கினோம். பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஆப்பு வடிவில் குழி வெட்டிப் பக்கத்து மண்ணைச் சீவி எடுத்தோம். அதைக் கலந்து நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தி ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினோம்.

முடிவு வந்தது. மணிச்சத்து போதுமானதாகவே இருந்தது, துத்தநாகந்தான் குறைவு. சிற்றப்பா முதலில் ஒரு வயலில் மட்டும் அதன்படி செய்து பார்த்தார். அடுத்த போகத்தில் எல்லா வயல்களிலும் செய்தார். அவருடைய தயக்கத்தை அறியாமை என்று கொள்ளலாகாது. உரக்கணக்குத் தவறினால் போவது அவருடைய ஒரு போகத்து நெல். மிஞ்சுவது அவருடைய கடன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கைப்பேசியில் வரும் ஆலோசனையை நீங்கள் படித்துக் காட்டக்கூடும். அப்போது, அது எந்த வயலின் மண் என்று முதலில் கேளுங்கள். தெரியாவிட்டால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர்களுடன் வயலுக்குச் செல்லுங்கள்.