பழைய கூரை, பக்கத்தில் பூங்கா
பாரம்பரியக் கட்டடத்தில் சொகுசு அறை தேடுபவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும், ஊரிகம் சொல்லும் பாடமும்

ஊரிகத்தில் ரயிலேறினால் பங்காருப்பேட்டை வழியாக பெங்களூர் போகலாம். கோலார் தங்கவயல் தமிழர்களுக்கு மிகவும் பழகிய தடம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் சோற்று டப்பாவுடன் வண்டியைப் பிடித்து பெங்களூரில் வேலை பார்த்து, இரவு வீடு திரும்புபவர்கள் ஆயிரக்கணக்கில். இவர்களின் பிள்ளைகள் தலையெடுத்த வீடுகளில், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு நாளாவது பெரிய ஓட்டலில் தங்க வேண்டும் என்ற ஆசை எழுந்தால் அதில் வியப்பில்லை. அதுவும் மரங்களுக்கு நடுவே, கதை உள்ள கட்டடத்தில்.

பெங்களூரில் அதற்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் வெஸ்ட் எண்ட். 1887இல் பிரான்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பத்து அறைகளோடு தொடங்கிய விடுதி. பிறகு ஸ்பென்சர் நிறுவனத்திடம் வந்தது. 1984 முதல் தாஜ் குழுமத்தின் பொறுப்பில். குதிரைப் பந்தயத் திடலுக்கு எதிரே, ஏறத்தாழ 20 ஏக்கரில், ஓட்டலே ஒரு பூங்கா.

ஆனால் பழமை என்பது இப்போது நல்ல விற்பனைச் சரக்கு. எனவே முதல் கேள்வி: கட்டடம் உண்மையிலேயே பழையதா? அதே நகரின் வின்ட்சர் ஓட்டல் ஆங்கிலேயர் கால மாளிகை போலவே இருக்கும், எழுந்ததோ 1980களில். மைசூர் அரண்மனையை நினைவூட்டும் லீலா பேலஸ் திறக்கப்பட்டது 2001இல். இரண்டும் சொகுசில் குறைந்தவை அல்ல. ஆனால் வரலாற்றுக்காகப் பணம் கொடுப்பவர் வயதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது கேள்வி: படுக்கப்போகும் அறை எந்தப் பகுதியில்? சென்னை கன்னிமாராவின் பெயர் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் அதன் ஒரு பகுதி இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் சேர்த்தது. பெரும்பாலான பழைய ஓட்டல்கள் இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. பதிவு செய்யும்போதே பழைய பகுதி என்று குறிப்பிட்டுக் கேட்காவிட்டால், கிடைப்பது எந்த ஊரிலும் கிடைக்கும் அறையாக இருக்கலாம்.

மூன்றாவது, பூங்கா. கல்கத்தா கிராண்ட் ஓட்டல் மைதானத்தைப் பார்த்து நிற்கிறது. 1864இல் தோன்றிய கொழும்பு காலிமுக ஓட்டலுக்கு ஒரு பக்கம் திடல், மறுபக்கம் கடல். ஆனால் ஓட்டலுக்குப் பக்கத்தில் பூங்கா இருப்பதும், அறை சன்னலில் பூங்கா தெரிவதும் வேறு வேறு. புல்வெளி அறை என்றால் அன்று அங்கே கல்யாண வரவேற்பு உண்டா என்று விசாரிப்பது தூக்கத்துக்கு நல்லது. வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் மின்தூக்கி உண்டா, குளியலறையில் படி இருக்கிறதா என்பதும் முக்கியம். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறை வாடகைக்கு 18 சதவிகித வரி தனி. காலை உணவு கணக்கில் சேர்ந்ததா என்பதையும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இத்தனை விலை எதற்கு? பதில் ஊரிகத்திலேயே இருக்கிறது. வெஸ்ட் எண்ட் தொடங்கிய அதே 1880களில்தான் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கியது. துரைமார்களுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். ‘சின்ன இங்கிலாந்து’ என்றே பெயர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது; பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிய மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின.

இன்று அந்தப் பங்களாக்களில் பல கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. இரண்டு இடத்திலும் சுவர் அதே காலத்துச் சுவர்தான். அங்கே ஒவ்வொரு இரவும் யாரோ வாடகை கொடுத்தார்கள். ஓடு மாற்றவும் மரத்தைப் பராமரிக்கவும் காசு இருந்தது. இங்கே சுரங்கம் மூடியதும் கொடுப்பவர் இல்லாமல் போனார். பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது அன்றாடப் புழக்கம்; பெருமைப் பேச்சு அல்ல.

ஊரிகத்துப் பங்களாக்களும் ஒரு நாள் விருந்தினர் இல்லங்களாக வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் பறக்கும் தூசு அடங்க வேண்டும். இடிந்ததைச் செப்பனிட்டால், அந்த வேலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். துரையின் தோட்டத்தைக் காட்டும்போது, பூமிக்கடியில் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தவர்கள் குடியிருந்த லைன் வீடுகளையும் காட்ட வேண்டும். அந்தத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிய பணம், அங்கிருந்து வந்ததுதான்.