புறநகர்ப் படலம் – 9: கல்கத்தாவுக்குப் போன பல்லாவரத்துக் கல்

பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே ரேடியல் சாலை பாய்ந்ததைப் போன வாரம் பார்த்தோம். பழைய பல்லாவரம், ஜமீன் பல்லாவரம், ஈசா பல்லாவரம், கன்டோன்மென்ட் என்று ஒரே பெயரை நாலு ஊர்கள் பங்கு போட்டுக்கொண்ட கதை தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் வெள்ளிக்கிழமைச் சந்தை என்று சொல்லியிருந்தேன். சந்தை எங்கும் போய்விடாது. எனக்கு இந்த வாரம் முழுக்க ஒரு கல்லின் பின்னாலேயே போய்விட்டது. பல்லாவரத்துப் பக்கம் பிறந்து, கல்கத்தாவில் பெயர் வாங்கி, அண்டார்க்டிகா வரைக்கும் அந்தப் பெயரைக் கொண்டுசேர்த்த கல் அது. அதைச் சொல்லாமல் சந்தைக்குள் நுழைய மனம் வரவில்லை.

ஊர்க்காரர்களுக்கு அது வெறும் கருங்கல். பழைய வீடுகளின் வாசற்படி, துணி துவைக்கும் கல், கிணற்றின் உள்சுவர், வேலிக்கு ஊன்றிய கம்பக் கல் எல்லாம் அதுதான். புதிதாக உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால் வெயிலில் பிடித்துப் பாருங்கள். முதலில் கறுப்பாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் கறுப்புக்கு அடியில் பச்சை எழும். உடைந்த முகம் எண்ணெய் தடவியது போல மினுங்கும். இடையிடையே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் குவார்ட்ஸ் மணிகள். வெயிலும் மழையும் பட்ட பக்கத்தில் மட்டும் துருப்பிடித்த நிறத்தில் மெல்லிய பழுப்புத் தோல். அதைச் சுரண்டினால் உள்ளே மறுபடியும் அதே கரும்பச்சை.

அந்த நிறத்துக்குக் காரணம் பாறை பிறந்த இடம். பூமியின் மேலோட்டில் வெகு ஆழத்தில், தாங்க முடியாத வெப்பத்தில், நீர்ப்பசை ஏறக்குறைய இல்லாத சூழலில் உருவானது. சாதாரண கிரானைட்டில் பளபளவென்று உதிரும் கறுப்பு மைக்காவைப் பார்த்திருப்பீர்கள். மைக்கா உருவாக நீர் வேண்டும். இங்கே நீர் இல்லாததால் அதன் இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் உட்கார்ந்துவிட்டது. இரும்பும் மக்னீசியமும் கலந்த கனிமம் அது. பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நுண்ணுயிர்களைத் தவிர வேறு உயிர் எதுவும் பூமியில் தலைகாட்டாத காலம். ஆழத்தில் கிடந்த அந்தப் பாறை, மேலே இருந்தது எல்லாம் அரித்துக்கொண்டு போன பிறகு, பரங்கிமலையாகவும் திரிசூலமாகவும் பல்லாவரத்துக் குன்றுகளாகவும் நம் கண்ணுக்கு வந்திருக்கிறது. மின்சார ரயிலில் பரங்கிமலை தாண்டியதும் ஜன்னல் வழியாகத் தெரிகிற மொட்டைப் பாறை, பூமியின் அடித்தளம் வெளியே வந்து நிற்கிற இடம்.

இதற்கு உலகம் வைத்திருக்கிற பெயர் சார்னாக்கைட். இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பெயர்தான்.

ஜாப் சார்னாக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ஏஜெண்ட். கல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுங்காலம் பள்ளிப் பாடங்களில் இருந்தவர். வங்காளத்தில் முகலாயர்களோடு கம்பெனி மோதி, அங்கே இருக்க முடியாமல் போனபோது, 1689-ல் அவர் தஞ்சம் புகுந்த இடம் நம் சென்னை. ஓராண்டுக்கு மேல் கோட்டையில் இருந்தார். அப்போது கோட்டையின் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். சார்னாக்கின் மனைவி இந்தியப் பெண். அவர்களுடைய மூன்று மகள்களுக்கும் 1689 ஆகஸ்ட் 19 அன்று கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. அடுத்த ஆண்டு, 1690 ஆகஸ்ட் 24 அன்று, சார்னாக் மறுபடியும் வங்காளத்தின் சுதாநுட்டியில் போய் இறங்கினார். இரண்டரை ஆண்டுக்குள் இறந்தும் போனார்.

கல்லறையைக் கட்டியவர் மூத்த மகள் மேரியின் கணவர் சார்லஸ் ஐயர். (நம்மூர் ஐயர் இல்லை, ஆங்கிலேயர்.) கல்கத்தாவின் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் எண்கோண வடிவில் இன்றும் நிற்கிறது அந்த மண்டபம். உள்ளே லத்தீன் எழுத்துகள் பொறித்த கறுப்புக் கல் பலகை. வங்காளம் வண்டல் சமவெளி. கல்கத்தாவைச் சுற்றி எங்கே தோண்டினாலும் களிமண்தான் வரும். கல்லறைக்குப் பாறை வேண்டுமென்றால் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும்.

இருநூறு ஆண்டுகள் அந்தப் பலகையில் பார்வையாளர்கள் எழுத்தை மட்டுமே படித்தார்கள். கல்லைப் பார்த்தவர் தாமஸ் ஹாலந்து. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்த இளைஞர். தென்னிந்தியாவின் கரும்பச்சைப் பாறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவருக்கு, கல்கத்தா கல்லறையில் கிடந்த பலகை எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தார். பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் கிடைக்கும் அதே பாறை. 1893-ல் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதி, இந்த வகைப் பாறைக்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். 1900-ல் வந்த அவருடைய பெரிய ஆய்வு நூல் அந்தப் பெயரை உலகெங்கும் நிலைநாட்டியது. நீலகிரி சார்னாக்கைட். சேர்வராயன் மலை சார்னாக்கைட். இலங்கையின் மலைநாட்டிலும் இருக்கிறது, நார்வேயிலும் இருக்கிறது. எங்கே ஒரு புவியியல் மாணவர் அந்தச் சொல்லை எழுதினாலும் அதன் மூல மாதிரி நம்மூர்க் கல்தான்.

சார்னாக் பல்லாவரத்துக்கு வந்தாரா என்பதற்கு எந்தச் சான்றும் என் கண்ணில் படவில்லை. அவர் மகள்களுக்குச் சென்னைக் கோட்டையில் ஞானஸ்நானம், மருமகன் எழுப்பிய கல்லறைக்குச் சென்னைக் கல் என்பது மட்டும் உறுதி. 2003-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் சார்னாக்கை நகரத்தின் நிறுவனராகக் கருதக்கூடாது என்று தீர்ப்பளித்தது. நகரத்தில் போன பெருமை கல்லில் மிஞ்சியிருக்கிறது. பாறைக்குப் பல்லாவரைட் என்று பெயர் வைத்திருக்கலாமே என்று எனக்கு நிஜமாகவே வருத்தம். வெட்டி எடுத்த கைகளும் ஊரும் பெயரில் இல்லை. அடியில் படுத்திருந்தவர் இருக்கிறார்.

ஹாலந்தை விட்டுவிட்டு நகர்வதற்குள் இன்னொன்று. 1916-ல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியத் தொழில் கமிஷனின் தலைவர் இதே ஹாலந்துதான். அந்தக் கமிஷனின் உறுப்பினர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னை மாகாணத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கி வைத்தவர் அவர். பல்லாவரத்துக்கு அடுத்து அந்த முறையில் எழுந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். பல்லாவரத்துக் கல்லுக்குப் பெயர் வைத்தவரும் பக்கத்து ஊரின் பெயருக்குக் காரணமான தொழிலைக் கொண்டுவந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்தியாவின் தொழில்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். தோல் கதைக்குத் தனியாக ஓர் இதழ் வேண்டும், எழுதுவேன்.

கல் என்றதும் பலர் என்னிடம் கேட்பது ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றி. 1863 மே 30 அன்று பல்லாவரம் அணிவகுப்பு மைதானத்துப் பக்கம், சரளை மண் தோண்டிய குழியில் அவர் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் சான்று. ஐரோப்பாவிலேயே மனிதன் அவ்வளவு பழையவன் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டு நாலே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃபூட் அப்போது முப்பதைத் தொடாதவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் அவருடைய மாமனார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர் அந்த மாமனார். ஒருவர் சொல் பொறுக்கினார், மற்றவர் கல் பொறுக்கினார்.

நான் கவனிக்கச் சொல்வது அந்தக் கோடரி எந்தக் கல்லில் செய்யப்பட்டது என்பதை. அது சார்னாக்கைட் இல்லை, குவார்ட்சைட். சுற்றிலும் குன்று குன்றாகக் கருங்கல் கிடக்க, ஆதி மனிதன் அதைத் தொடவில்லை. தட்டினால் கூர்மையான சில்லுகளாகப் பெயர்ந்து, கையில் விளிம்பு கொடுக்கிற கல் குவார்ட்சைட். நம்மூர்க் கருங்கல் அப்படிப் பெயராது. மணிமணியாக உதிரும், அல்லது சுத்தியலையே திருப்பி அடிக்கும். எந்தக் கல் எதற்கு ஆகும் என்று தெரிந்தவன் அவன். வடக்கே மலைகளிலிருந்து ஆறுகள் உருட்டிவந்த கூழாங்கல்லைத் தேடி எடுத்தான், காலடியில் கிடந்ததை விட்டுவிட்டான்.

அவன் விட்டதைக் குடையத் துணிந்தவன் பல்லவன் மகேந்திரவர்மன். அதற்குப் பிறகு கல் பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. உளி போய் வெடிமருந்து வந்தது, வெடிமருந்துக்குப் பின்னால் கிரஷர் வந்தது. கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பாதையின் இரண்டு பக்கமும் வீடுகள் முளைத்தன. அஸ்திவாரத்துக்குக் கல், ஒன்றரை அங்குல ஜல்லி, கூரைக்கு முக்கால் ஜல்லி, சாலைக்குச் சிப்ஸ் என்று குன்றுகள் லாரி ஏறின. சென்னைக்குத் தெற்கே பழைய கான்கிரீட் எதையாவது உடைத்துப் பாருங்கள், கரும்பச்சை எட்டிப்பார்க்கும். வயலும் ஏரியுமாக இருந்த ஊர் புறநகரானதற்கு ரயிலைக் காரணம் சொல்கிறோம், விமான நிலையத்தைச் சொல்கிறோம். அந்தப் புறநகர் எதன் மேல் நிற்கிறது என்று கேட்டால், அது தன் சொந்தக் குன்றுகளை உடைத்துத் தன்னையே கட்டிக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன். குன்று இருந்த இடத்தில் செங்குத்தாக வெட்டிய சுவர்களும், அடி தெரியாத பச்சைத் தண்ணீரும் நிற்கின்றன. பிள்ளைகள் குளிக்கப் போய் உயிர் விட்ட குவாரிகள் இந்தப் பகுதியில் உண்டு. வேலி போடுவதும் எச்சரிக்கைப் பலகை வைப்பதும் பெரிய செலவில்லை.

பரங்கிமலைச் சார்னாக்கைட்டைப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. நல்லது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட பல்லாவரத்துக்கும் அப்படி ஒரு பெருமை தெரிய வேண்டும். உள்ளூர்ப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் உடைத்த கல் துண்டு ஒன்றும் ஹாலந்து சொன்ன கதையும் மேசைமேல் இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் பாறை வகைகளை மனப்பாடம் செய்கிற பிள்ளை, தன் வீட்டு வாசற்படிக்கு உலகப் பெயர் உண்டு என்று தெரிந்துகொண்டால் அந்தப் பாடம் அவனுக்கு வேறு மாதிரி ஏறும்.

மகேந்திரவர்மன் இதே கல்லில் ஐந்து கருவறைகள் குடைந்தான். சிற்பம் எதுவும் இல்லாத குகை, தன் பட்டப்பெயர்களை மட்டும் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறான். இன்று அது தர்கா. கல் இத்தனை கடினமாக இருந்ததால்தான் குகை இத்தனை எளிமையாக நின்றுவிட்டதா, அந்தப் பட்டப்பெயர்களில் தமிழ்க் காதுக்கு ஒட்டாத சொற்கள் ஏன் இருக்கின்றன, பல்லவன் குடைந்த சுவரைத் தர்காவாக இத்தனை காலம் பேணிவருகிறவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்காது. அடுத்த வாரம் ஜமீன் பல்லாவரத்துக் குன்றில் ஏறுவோம்.

(தொடரும்)