ஆயில் இன்ஜினில் பெயிண்ட் ஏன் உரிகிறது?



கரண்ட் மோட்டார் எங்கும் வந்துவிட்டாலும், லைன் போகாத பள்ளத்துக் கிணறுகளுக்கு ஆயில் இன்ஜின்தான் இன்னும் கைகொடுக்குது. அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ரீபோர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி, பளபளன்னு பச்சைப் பெயிண்டும் அடித்து வண்டியில் ஏற்றி வருகிறோம். இரண்டு மாசம் ஓடுகிறது. அப்புறம் பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து உரிய ஆரம்பிக்குது. "மட்டப் பெயிண்டை அடிச்சு ஏமாத்திட்டான்"னு மெக்கானிக்குக்குத் திட்டு. பெரும்பாலும் குற்றம் டப்பாவில் இல்லை, பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. எந்த இடத்தில் உரிகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி விளங்கும்.

எல்லா இடத்திலும் ஏடு ஏடாக வந்தால், எண்ணெய்ப் பிசுக்கு. வார்ப்பிரும்பின் மேல்பரப்பு சொரசொரப்பானது. பல வருஷத்து எண்ணெய் அதில் ஊறிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்தால் போதாது. மண்ணெண்ணெயே ஒரு மெல்லிய பிசுக்கை விட்டுவிட்டுத்தான் காயும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோலில் கொழுப்பு மிச்சமிருந்தால் சாயமும் சீராகப் பிடிக்காது, மேல்பூச்சும் நிற்காது. இரும்புக்கும் அதே கதைதான்.

ஆகவே மண்ணெண்ணெய்க்குப் பிறகு, ஒரு வாளி சுடுதண்ணீரில் இரண்டு கைப்பிடி சலவை சோடாவும் கொஞ்சம் சோப்புத் தூளும் கலந்து, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். காற்று போகும் வழி, டீசல் வழி எல்லாவற்றையும் முதலில் அடைத்துவிடுங்கள். அலுமினியப் பாகங்களுக்கு வெறும் சோப்புத் தண்ணீரே போதும். காஸ்டிக் சோடா பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். கழுவியதும் சுத்தமான தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. துணி விரித்தாற்போல் ஒரே படலமாகப் பரவினால் சரி. காசில்லாத சோதனை இது.

அந்தத் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பி, குத்தினால் உள்ளே ஈரமும் துருவும் தெரிந்தால், பெரும்பாலும் உப்பின் வேலை. பாலாற்றங்கரையில் டேனரிக் கழிவால் எத்தனை கிணறுகள் உப்பாயின என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பான விஷயம். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பு இரும்பிலேயே தங்கிவிடும். பெயிண்டையும் தாண்டி அது ஈரத்தை உள்ளே இழுக்கும். கடைசிக் கழுவலுக்கு மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ எடுத்து வையுங்கள்.

ஏலகிரியில் உள்ளவர்களுக்குத் தொல்லை வேறு. ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம், விடியலில் மூடுபனி. ராத்திரியெல்லாம் குளிர்ந்த இரும்பில் காலையில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அதன்மேல் அடித்தால் நிற்காது. வெயில் ஏறி, இரும்பு கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்த பிறகு ஆரம்பித்து, மூன்று மணிக்குள் முடியுங்கள். கழுவிக் காய்ந்த இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும், அதனால் ரெட் ஆக்சைடு பிரைமரை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின் எனாமல், மெல்லிசாக இரண்டு கை. எனாமலுக்கு டர்பன்டைன்தான். தோலுக்கு லாக்கர் அடிக்கிற தின்னர் கையில் இருக்கிறதே என்று அதைக் கலக்காதீர்கள். அடியில் உள்ள பூச்சு சுருண்டுகொள்ளும்.

சைலன்சர் சேருமிடத்தில் மட்டும் கருகி உதிர்ந்தால் சூடுதான் காரணம். அங்கே சாதா எனாமல் தாங்காது. சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

சம்ப் மூடியின் பேக்கிங் ஓரத்தில் மட்டும் உரிந்தால், அது பெயிண்ட் வேலையே அல்ல. உள்ளிருந்து எண்ணெய் கசிகிறது. பிரீதர் என்கிற மூச்சுக்குழல் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, இடுக்கு கண்ட இடமெல்லாம் எண்ணெயைத் தள்ளும். பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பேக்கிங்கை மாற்றிய பிறகு பிரஷைத் தொடுங்கள்.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது சம்பின் உள்பக்கப் பெயிண்டுக்குத்தான். சில இன்ஜின்களில் உள்ளேயும் எண்ணெய் தாங்கும் பூச்சு அடித்திருப்பார்கள். ஓவராலிங்கின்போது அது ஊறி எழும்பியிருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அழகுக்காக அங்கே வெளிப்பெயிண்டை அடிக்கவே கூடாது. சூடான எண்ணெயில் அது இளகி, செதிலாக உதிர்ந்து, ஆயில் பம்பின் வலையை அடைக்கும். எண்ணெய் போகாத பேரிங் எத்தனை நாழி தாங்கும்? புதுசாகப் போட்ட பேரிங்கோடு கிராங்கும் போய்விடும். உள்பக்க இரும்பு பூச்சில்லாமல் இருக்கட்டும், எண்ணெயே அதைக் காக்கும். பட்டறையில் மூடியைப் போடுவதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போதும் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல்தான் விதி செய்தது. பழைய இன்ஜின் பூச்சில் நிறையவே இருக்கலாம். உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், தூசி பறக்காது. நெருப்புக் காட்டி எரிக்க வேண்டாம். பிள்ளைகள் விளையாடுகிற களத்தில் இந்த வேலை கூடாது. உதிர்ந்ததைச் சாக்கில் அள்ளிக் கட்டுங்கள், எருக்குழியில் கொட்டிவிடாதீர்கள்.

அடித்து முடித்தபின் ஒரு வாரம் டீசல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே பச்சையாகத்தான் இருக்கும்.