ஷட்டர் உடைபடும்போது சட்டம் யார் பக்கம்?

2023 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. திருவண்ணாமலை நகரிலும் போளூர், கலசபாக்கத்திலும் நான்கு ஏ.டி.எம். இயந்திரங்கள் காஸ் கட்டரால் வெட்டப்பட்டு, 70 லட்சம் ரூபாய்க்கு மேல் கொள்ளை போனது. கொள்ளையர்கள் போகிற போக்கில் இயந்திரங்களுக்குத் தீயும் வைத்தார்கள். ஹரியானா கும்பல் என்று கண்டுபிடித்து போலீஸார் கைது செய்தார்கள். ஆனால், இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் மாட வீதியிலும் செங்கம் சாலையிலும் கடை வைத்திருப்பவர்களின் மனதில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது: ‘வங்கிப் பணத்துக்கே இந்தக் கதி என்றால், நம் கடையை யார் காப்பது? திருடன் வந்தால் நாமே அடிக்கலாமா?’

அடிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால், எப்போது, எதுவரை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வதால்தான் இந்த விளக்கம் தேவைப்படுகிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. பழைய சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. உடலை மட்டுமல்ல, உடைமையைக் காப்பதற்கும் இந்த உரிமை உண்டு. நம்முடையது மட்டுமல்ல, பக்கத்துக் கடைக்காரரின் பொருளைக் காக்கவும் உண்டு. 41-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வழிப்பறி அல்லது கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் பூட்டை உடைத்து நுழைதல், வீட்டுக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைத்தல், உயிருக்கோ படுகாயத்துக்கோ அஞ்சும்படியான திருட்டு ஆகியவற்றைத் தடுக்கும்போது, எதிராளி இறந்தாலும்கூட அது குற்றமாகாத நிலை வரலாம். பூட்டை உடைத்து நுழைவதைப் பொறுத்தவரை, குடியிருக்கும் வீடு மட்டுமல்ல, பொருளைப் பத்திரப்படுத்தும் கட்டடமும் வழிபாட்டுத் தலமும் ‘வீடு’ என்ற வரையறைக்குள் வருகின்றன. எனவே, சன்னதி தெருவின் பூஜைப் பொருள் கடையும் இதில் அடக்கம்.

கடைக்காரர் ஒருவர் துப்பாக்கியால் சுட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1950 மார்ச் மாதம், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள கட்னியில் கலவரம். கடைக்காரர் அம்ஜத் கானின் சகோதரருடைய கடையை உடைத்துச் சூறையாடிய கும்பல், அடுத்து இவருடைய கதவைத் தடிகளால் இடிக்கத் தொடங்கியது. உள்ளே குடும்பம் இருந்தது. அவர் சுட்டதில் ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள். கீழ் நீதிமன்றங்கள் அவரைக் குற்றவாளி என்றன. 1952-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. கும்பல் உள்ளே வந்து ஆளை வெட்டும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும், அந்தப் பதற்றத்தில் இருப்பவரின் செயலை நகைக்கடைத் தராசில் நிறுப்பதுபோல நிறுக்கக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். 2010-ல் தர்ஷன் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே திசையில்தான் பேசியது. ஆபத்தை எதிர்கொள்பவர் கோழையைப்போல ஓட வேண்டியதில்லை என்றது.

இனி மறு பாதி. 37-வது பிரிவு: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது; போலீஸின் உதவியைப் பெற அவகாசம் இருந்தால் இந்த உரிமையே இல்லை. 43-வது பிரிவு: இரவில் பூட்டை உடைத்து நுழைந்தவன் உள்ளே இருக்கும் வரைதான் அந்தக் காரணத்துக்கான உரிமை உயிரோடு இருக்கிறது. பொருளோடு ஓடுபவனை விரட்டிப் பிடித்து மீட்கலாம். ஆனால், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓடுகிறவனின் முதுகில் அரிவாள் விழுந்தால், அந்த நொடியில் கடைக்காரர் குற்றவாளி ஆகிவிடுகிறார். நல்லெண்ணத்தோடு எல்லை மீறினார் என்று நீதிமன்றம் ஏற்றால் கொலை என்பது கொலையாகாத மரணமாகக் குறையும். சிறை அப்போதும் உண்டு. தற்காப்புதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் கடைக்காரர் மேல்தான். அரசுத் தரப்பைப்போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பத்தகுந்த அளவுக்குக் காட்டினால் போதும் என்பது மட்டும் ஆறுதல்.

துப்பாக்கி பற்றியும் கேட்பார்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாவட்டங்களில் விண்ணப்பம் ஆட்சியரிடம் போகும். போலீஸ் விசாரணை அறிக்கை இல்லாமல் நகராது. உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருப்பதே சிறைக்குரிய குற்றம். நடைமுறையில் நம் ஊர்க் கடைகளில் இருப்பது கல்லாப்பெட்டிக்கு அடியில் ஓர் உருட்டுக்கட்டை, தேங்காய் உடைக்கும் அரிவாள். மிளகு ஸ்பிரேவுக்கு உரிமம் தேவையில்லை. ஆளைக் கொல்லாமல் நிறுத்த அதுவே மேல்.

ஒன்றை மட்டும் கனவிலும் செய்யக் கூடாது: ஷட்டரிலோ கூரையிலோ மின்சாரம் பாய்ச்சி வைப்பது. கம்பிக்கு ஆள் தெரியாது. ரோந்து வரும் காவலர் பூட்டை இழுத்துப் பார்ப்பார்; விடியற்காலையில் வாசல் தெளிக்கும் பெண் ஷட்டரில் கை வைப்பார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆளில்லாத பண்ணை வீட்டில் கதவைத் திறந்தால் வெடிக்கும்படி துப்பாக்கியைக் கட்டிவைத்த உரிமையாளர், பழைய பாட்டில்களை எடுக்க வந்து காலில் குண்டு பட்டவனுக்கு 30,000 டாலர் கொடுக்கும்படி ஆனது. தனிமனிதத் துப்பாக்கியைக் கொண்டாடும் நாட்டிலேயே 1971-ல் வந்த தீர்ப்பு இது.

பிடிபட்ட திருடனைக் கட்டிவைத்து ஊரே அடிப்பது தற்காப்பே அல்ல. கேரளத்தின் அட்டப்பாடியில் 2018 பிப்ரவரியில், கடைகளில் அரிசி திருடினார் என்று சொல்லி ஆதிவாசி இளைஞர் ஒருவரைக் காட்டுக்குள் போய்ப் பிடித்து, கைகளைக் கட்டி அடித்தார்கள். அவர் இறந்துபோனார். பசியோடு இருந்த ஒரு மனிதரின் உயிரை எந்தக் கடையின் அரிசி மூட்டை ஈடுகட்டும்? 2023-ல் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து, 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதித்தது. பொதுமக்கள் ஒருவரைப் பிடித்தால் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு சொல்கிறது.

கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள்தான் இந்த ஊர்க் கடைகளில் பணமும் இருக்கும், உடல் அசதியும் இருக்கும். அன்றைய வசூலை அன்றே அப்புறப்படுத்துங்கள். ஷட்டருக்கு நடுப் பூட்டும் போடுங்கள். கேமரா பதிவு கடைக்குள் மட்டும் இல்லாமல் வெளியிலும் சேமிக்கப்படட்டும். காலையில் வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்தால் உள்ளே தனியாகப் போகாதீர்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக்கொண்டு, தள்ளி நின்று, 100 அல்லது 112-ஐ அழையுங்கள். போன பொருளுக்குக் காப்பீடு இருக்கலாம்; உங்களுக்கு வீட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.