உள்ளத்தில் எழும் வழிபாடு

சமாரியா நாட்டுக் கிணற்றங்கரையிலே ஒரு பெண் இயேசுநாதரிடம் வினா ஒன்றை எழுப்பினாள். தன் முன்னோர் தொழுத மலையிலே இறைவனை வழிபடுவதா, யூதர் கூறும் எருசலேமிலே வழிபடுவதா என்பதே அவளது ஐயம். இடம் முதன்மையானதன்று, ஆவியோடும் உண்மையோடும் தொழுவோரையே இறைவன் நாடுகின்றார் என்பது அவள் பெற்ற விடையின் கருத்து. யோவான் எழுதிய நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் வரும் இவ்வுரையாடல் கிறிஸ்தவ வழிபாட்டின் உயிர்நிலையை உணர்த்துவதாகும்.

ஆயின், ஆலயமும் சடங்கும் வேண்டாதன என்பது இதன் பொருளன்று. இயேசுநாதர் தாமே தொழுகைக்கூடத்துக்குச் சென்றார். பஸ்காப் பண்டிகையை ஆசரித்தார். அவர் கடிந்தது உள்ளீடற்ற சடங்கையே. காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென நினைவுகூர்ந்தால், முதலிற் சென்று ஒப்புரவாக வேண்டும் என்றார். செல்வர் இட்ட பெருந்தொகையிலும் ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு காசுகளே மிகுதி என்றார்.

சட்டத்தாலோ சலுகையாலோ மெய்யான விசுவாசத்தை உண்டாக்க இயலாது என்பதற்கு இலங்கை வரலாறு சான்று பகரும். 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்தம் ஆட்சியில் ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளிக்கூடத் தோம்புகளிலே பதியப்பட்டன. முதுசொத்துரிமையை நிலைநாட்ட அப்பதிவு துணையாயிற்று. உத்தியோகம் நாடுவோர் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்திருத்தல் வேண்டும் என்ற நிலையும் இருந்தது. எனவே பலர் பெயரளவில் அச்சபையிற் சேர்ந்தனர். ஆலயத்துக்கு வந்துகொண்டே, இல்லத்தில் முன்னோர் நெறியைக் கைக்கொண்டனர். அவர்களைப் பழித்தல் முறையன்று. நம்பாததை நம்பியதாகக் காட்டும்படி நெருக்கிய சட்டமே பழிக்குரியது. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்று, ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. கட்டாயம் அகலவே, தோம்பிலே பெயர் பெற்றிருந்த பெருந்தொகையினர் விரைவில் அச்சபையை விட்டு நீங்கினர்.

அச்சபையிலும் மெய்யன்பர் இல்லாமலில்லை. போதகரான பிலிப்பு தெ மெல்லோ தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலே அச்சாயிற்று. பதவிக்காக மட்டும் சபையிற் சேர்ந்தவர் அத்தகைய உழைப்பை மேற்கொள்ளுதல் அரிது.

அதே காலத்திலே கத்தோலிக்கர் நிலை இதற்கு மறுதலையாயிருந்தது. அவர்தம் குருமார் வெளியேற்றப்பட்டனர்; குருமாருக்குப் புகலிடம் அளித்தல் கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ 30 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் இலங்கை வந்து சேர்ந்தார். கழுத்திலே செபமாலை அணிந்து வீடுதோறும் இரந்து, அதனைக் கண்டு முகமலர்ந்தோரைக் கொண்டு கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பர். யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கத்தோலிக்கர் அவருக்கு ஆதரவளித்தனர். இரவு வேளைகளிலே மறைவாகப் பூசை நடைபெற்றது. அடிகளார் 1711இல் கண்டியிலே காலமானார். 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, அம்மக்கட் கூட்டம் சிதையாது நிலைத்திருந்தது. 2015 ஜனவரி 14ஆந் திகதி, கொழும்புக் காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார்.

சலுகை பெற்ற சபை தளர்ந்தது. தண்டனைக்கு அஞ்சியிருந்த சபை நிலைத்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கோட்பாட்டின் உயர்வு தாழ்வன்று, உள்ளத்தின் இசைவேயாகும்.

மெய்யான விசுவாசம் என்பது ஐயமே எழாத மனநிலையுமன்று. மாற்கு எழுதிய நற்செய்தியிலே, நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தந்தை ஒருவன் தன் விசுவாசத்தோடு விசுவாசக் குறைவையும் மறையாது எடுத்துரைத்தான். அவன் கடிந்துரைக்கப்படவில்லை, மகன் நலம் பெற்றான். குறைவான நம்பிக்கையை உள்ளவாறு ஒப்புக்கொள்பவன் இறைவனை நெருங்குகின்றான். நிறைந்த நம்பிக்கை உடையவன்போல் நடிப்பவனோ ஆலயத்தின் முன்வரிசையில் அமர்ந்திருப்பினும் தொலைவிலேயே நிற்கின்றான்.