ஆசாரத்தில் லேத், வாசலில் கார்

பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் எல்லாம் ஒரு காலத்தில் கோவைக்குப் பக்கத்தில் தோட்டம் துரவோடு இருந்த ஊர்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது; மில்களும் மோட்டார் பம்புப் பட்டறைகளும் பெருகின; ஊர்கள் நகரத்துக்குள் வந்துவிட்டன. அங்கிருந்த ஓட்டு வீடுகளில் பல, பாகப்பிரிவினையாலோ கரையான் அரித்த கைமரத்தாலோ இறக்கப்பட்டுவிட்டன. தேக்கு நிலையும் சீமை ஓடும் பழைய மரக்கடைக்குப் போய்விடும். மிஞ்சுவது மூன்றடி உயரத்தில் நிற்கும் பேஸ்மட்டம்.

“நல்ல கல்லுக்கட்டு, இதை எதுக்கு இடிக்கணும்? மேலே கான்கிரீட் போட்டா கார் நிக்கும், ஷீட் போட்டா லேத் ஓட்டலாம்” என்பது வீட்டுக்காரர் கணக்கு. பாதிக் கணக்கு சரி.

அன்று கட்டியவர்கள் மண்ணை அறிந்தவர்கள். இங்கே பல இடங்களில் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதனால் கெட்டி மண்ணோ சுக்காம்பாறையோ தட்டுப்படும்வரை வானம் தோண்டி, கருங்கல் போட்டுக் கடைக்கால் எழுப்பினார்கள். அதன்மேல் ஒன்றரை அடி கனத்தில் சுவர். அத்தகைய செங்கல் சுவர் 10 அடி உயரமும் 10 அடி நீளமும் இருந்தால் ஏறக்குறைய 8 டன் வரும். கூரை எடை தனி. ஒரு காரின் எடை ஒன்று, ஒன்றரை டன்தான். அந்த அளவில் பார்த்தால் கடைக்காலுக்குக் கார் ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் கடைக்கால் இருப்பது சுவருக்கு அடியில் மட்டும். சுவர்களுக்கு நடுவே, ஆசாரம் என்னும் கூடத்திலும் அறைகளிலும் இருப்பது கொட்டி நிரப்பிய மண். அதன்மேல் நடந்தார்கள், பந்தி போட்டார்கள், பாய் விரித்துப் படுத்தார்கள். அதற்கு அந்த மண் போதும்.

இன்று பளு இடம் மாறிவிட்டது. கார்ச் சக்கரம் நிற்பது நிரப்பு மண்ணின் மேல். ஒவ்வொரு சக்கரமும் முந்நூறு கிலோ அளவுக்கு, உள்ளங்கையளவு இடத்தில் அழுத்தும். கூரை இருந்தவரை நனையாத அந்த மண், கூரை போன பிறகு பெய்யும் மழையில் இறங்கத் தொடங்கும். நடுவில் திறந்த வாசல் வைத்த தொட்டிக்கட்டு வீடாக இருந்தால் இன்னொரு சிக்கல். வாசலில் விழும் மழைநீர் தரைக்கடியில் கல் மடை வழியாகத் தெருவுக்குப் போகும். அந்தப் பொந்தின் மேல் சக்கரம் ஏறினால் மூடுகல் உடைந்து தரை உள்வாங்கும். மடையைத் தேடித் திறந்து அடைக்க வேண்டும். நிரப்பு மண் மோசமாக இருந்தால் எடுத்துவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். அதன் பிறகே கான்கிரீட்.

லேத்துக்கு இது இன்னும் கறார். மட்டப் பலகை வைத்துப் பார்த்து நிறுத்திய மெஷினின் ஒரு கால் கொஞ்சம் இறங்கினாலும் பெட் முறுக்கிக்கொள்ளும். கடைந்து எடுத்த ஷாஃப்ட் ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் வரும். ஆபரேட்டர் டூலைக் குறை சொல்வார், குற்றம் தரைக்கடியில் இருக்கும். பவர் பிரஸ் என்றால் இடி வேறு. அதற்குத் தனியாகவே கான்கிரீட் பெட் போட வேண்டும்.

கூரையிலும் கதை தலைகீழ். ஓட்டு வீடு தன் கனத்தாலேயே உட்கார்ந்திருந்தது. ஷீட் கொட்டகைக்குக் கனமே இல்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். அம்மியே பறக்கும் என்று சொன்ன ஊரில் ஷீட் எம்மாத்திரம்? சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கல்லில் ஆங்கர் போல்ட்டை நம்ப முடியாது. தூணுக்குத் தூண் குழியெடுத்து, கான்கிரீட்டில் போல்ட்டைப் புதைக்க வேண்டும்.

கௌரவமாக இருந்த மூன்றடி உயரமும் இப்போது இடைஞ்சல்தான். எட்டுக்கு ஒன்று சரிவு என்றால் கார் ஏற 24 அடிச் சாய்தளம் வேண்டும். தெருவை ஒட்டிய வீட்டில் அதற்கு எங்கே இடம்? ஆகவே பலர் பேஸ்மட்டத்தை ஓரடிக்கு வெட்டி இறக்குகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பழைய கல்லுக்கட்டு வீணில்லை. அன்று சுவரைச் சுமந்தது. இன்று நடுவில் இருக்கும் மண் சரியாமல் சுற்றி நின்று பிடிக்கிறது. தலைப்பில் ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டுத் தண்ணீர் இறங்காமல் காத்தால் அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். கல்லுக்கட்டு நன்றாக இருக்கிறதா என்று எல்லோரும் மேஸ்திரியிடம் கேட்கிறார்கள். ஆசாரத்தின் நடுவில் மூன்றடி தோண்டச் சொல்லி, என்ன மண் வருகிறது என்று பார்ப்பவருக்குத்தான் செலவு மிச்சம்.